நாலாம் முளைக் கிடா

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று சந்தை. நான் போகவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய சந்தைகளில் நான் இல்லாமல் நடந்தது இதுதான் முதல். வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஆட்டுத் தூசி ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "ஆட்டக் குளிப்பாட்டி நிறுத்தச் சொல்லுதேன்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. மகள் சபூரா என் போனில் ஓர் ஏற்பாடு செய்து தந்திருக்கிறாள். நான் பேசினால் அது எழுதிக்கொள்ளும். வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் கண்டபடி எழுதுகிறது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போலப் பேசினால் ஒழுங்காக எழுதுகிறது என்று அவளே வாசித்துப் பார்த்துச் சொன்னாள். அதனால் இப்படிப் பேசுகிறேன். மற்றவர்கள் சொன்னதை மட்டும் அவர்கள் சொன்னபடியே சொல்வேன். அதை இது எப்படி எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. உதுமான் வீட்டில் சும்மா கிடந்தான் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் ஆட்டுப் பட்டி வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெருநாள் நெருங்கினால் தரையில் அடித்திருக்கும் ஒவ்வொரு முளையிலும் ஓர் ஆடு நிற்கும். விற்கிற ஆட்டுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை. பெயர் வைத்தால் கயிற்றைக் கொடுக்க மனம் வராது. முளைதான் பெயர். 'நாலாம் முளை போயிட்டு' என்றால் அதில் நின்றது விலையாகிவிட்டது என்று பொருள். அடுத்த ஆடு வந்து அதே முளையில் நிற்கும். சபூரா வெப்சைட் ஆரம்பித்தபோதும் அதே வழக்கம்தான். நாலாம் முளையில் நிற்கும் ஆட்டின் படத்துக்கு 'நாலு' என்று பெயர். ஆடு மாறினால் படம் மாறும், பெயர் மாறாது.

படம் எடுத்து ஏற்றுகிறவன் பேச்சிமுத்து. மீசை முளைக்காத வயதில் என்னிடம் வந்தவன். இப்போது அவன் மகளுக்குக் கல்யாண வயது.

என் போனில் வெப்சைட்டைத் திறந்தேன். படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. முதலில் கொம்பு. அப்புறம் காது. முதுகு வருவதற்குள் நான் ளுஹர் தொழுதுவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

சொட்டு மருந்து விட்டாயிற்று. கண்ணாடி இல்லாமல் சுவரில் ஊரும் எறும்பு தெரிகிறது. டாக்டரம்மா கெட்டிக்காரர்.

படம் வரத் தாமதம் என்று வெளியூரிலிருந்து சபூராவுக்கு ஒரே போன். மலையடிவாரத்து ஊர்களில் சிக்னல் குறைவு. ஆடு முழுசாக வருவதற்குள் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். "ஒரு ஆட்டப் பாக்க இவ்வளவு நேரம்னா, பொண்ணுப் பாக்கவே போயிருவேனேன்னு ஒருத்தர் கேக்காரு வாப்பா" என்றாள்.

இந்தப் பெருநாள்தான் அவள் தனியாக நடத்தும் முதல் பெருநாள். நான் வீட்டில் உட்கார்ந்ததும் ஊரெல்லாம் அவளைத்தான் பார்க்கிறது.

மே 2, சனி

சரி செய்துவிட்டாள். சோறு வடித்துக்கொண்டே செய்தாள்.

என்ன செய்தாய் என்று கேட்டேன். சொன்னாள்: "படம் போகும்போது கூடவே ஒரு சீட்டும் போகும் வாப்பா. 'இத இத்தன நாளைக்கு நீயே வச்சுக்க, மறுபடி மறுபடி வந்து எங்கிட்டக் கேக்காத'ன்னு அதுல எழுதலாம். கேஷ் ஹெட்டர்னு பேரு. நான் இதுவரைக்கும் அதுல ஒண்ணுமே எழுதல. அதான் ஒவ்வொரு தடவையும் போனு மொதல்ல இருந்து படத்த இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. இனிமே ஒரு தடவ இழுத்தா உள்ளயே வச்சுக்கிடும்."

"எவ்வளவு நாளைக்கு எழுதப் போற?"

"ஒரு நாள் போதுமா, ஒரு வாரம் போடவான்னு யோசிக்கேன்."

"வியாபாரத்துக்கு நடுவுல தீந்து போச்சுன்னா? போடுறத தாராளமாப் போடு. ஒரு வருசம் போடு."

போட்டாள். இப்போது வெப்சைட்டைத் திறந்தால் எல்லா முளையும் ஒரே சமயத்தில் வந்து நிற்கின்றன. கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. நாலாம் முளையில் ஒரு கன்னி இனக் கிடா, கறுப்பு. நெற்றியிலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடு. இடது காது நுனி கிழிந்திருக்கிறது. நல்ல எடுப்பு.

பகலில் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டேன். வேலை இல்லாததால் அல்ல. பொறுப்பு.

மே 3, ஞாயிறு

இன்று ஒரே நாளில் எத்தனையோ ஆடு போயிருக்கிறது. அறிவை எங்கே வைத்தாலும் வெளிச்சம்தான். மகள் யார் மகள்?

மே 6, புதன்

எனக்கு ஒன்று பிடிபடவில்லை. இல்லை, பிடிபட்டுவிட்டது. சொல்லத்தான் யோசனை.

நாலாம் முளையில் இன்றைக்கும் அதே கிழிந்த காது நிற்கிறது. சபூராவுக்குப் போன் போட்டு, "நாலாம் முளை இன்னும் போகலியா?" என்று கேட்டேன். "அது திங்கக்கிழமையே போயிட்டு வாப்பா. கடையநல்லூர்க்காரரு பிடிச்சிட்டுப் போனாரு. இப்ப ஒரு செவலைதான் நிக்கி" என்றாள். இன்றைக்குப் பட்டிக்கு நான் போட்ட எத்தனையாவது போன் இது என்று வேறு கேட்டாள்.

மற்ற முளைகளையும் பார்த்தேன். ஏழாம் முளை, ஒன்பதாம் முளை, பதினொன்று, எல்லாம் சனிக்கிழமை பார்த்த ஆடுகள். ஒரு தடவை பார்த்த ஆட்டை நான் மறப்பதில்லை. சந்தையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

நல்ல ஆட்டைக் காட்டி ஆளை வரவழைத்து, வந்த பிறகு இரண்டாம்தரத்தைக் கட்டிவிடுவது பழைய தரகர் வேலை. என் பட்டியில் அது ஒருநாளும் நடந்ததில்லை. படம் ஏற்றுகிறவன் யார்? பேச்சிமுத்து.

மே 9, சனி

நான் நினைத்தது நடந்துவிட்டது.

பொட்டல்காடு என்ற ஊரிலிருந்து ஒருவர் வேன் பிடித்து வந்திருக்கிறார். போனில் கிழிந்த காது, முளையில் செவலை. பட்டியிலேயே சத்தம் போட்டிருக்கிறார். "இந்தக் கிடாவுக்காகப் பிள்ளையோள எல்லாம் கூட்டிட்டு வந்தேன், நீங்க வேற எதையோ காட்டுதியளே" என்று. சபூரா அவரைச் சமாதானம் பண்ணி, விலையைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினாள். இன்னும் இரண்டு பேர் போனில் அதையே சொல்லித் திட்டினார்களாம். "புதுசா வாறவங்க ஒண்ணும் சொல்லல. நாலஞ்சு நாளாப் பாத்துக்கிட்டே இருந்தவங்கதான் சண்டைக்கு வாறாங்க" என்றாள். அதில் என்ன இருக்கிறது? விவரமானவன்தான் நாலைந்து நாள் பார்ப்பான்.

"பேச்சிமுத்துட்ட கேட்டியா?"

"அவர எதுக்குக் கேக்கணும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள்.

மே 10, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு எதிரே நாகூர்க்கனியின் டீக்கடை. சாயங்காலம் தரகர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். நான் கறுப்புக் கண்ணாடியோடு போய் உட்கார்ந்திருந்தேன். பேச்சிமுத்து பட்டியிலிருந்து சைக்கிளில் வந்தான். கூப்பிட்டேன்.

"ஏல பேச்சி, படத்துல ஒண்ணு முளையில ஒண்ணு கட்டுறதுக்கு யாருல சொல்லித் தந்தது?"

அவன் சைக்கிளைவிட்டு இறங்கினான். "என்ன பாய் சொல்லுதிய? நான் அன்னன்னைக்கு எடுக்கேன், அன்னன்னைக்கு ஏத்துதேன்."

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

"பொய்னு சொல்லல. நீங்க எதப் பாத்தியளோ எனக்குத் தெரியாது. நான் எடுத்தது எனக்குத் தெரியும்."

"போன வாரத்துச் சனிக்கிழம நின்ன ஆடு இன்னும் படத்துல நிக்கி. நாலாம் முளை, கன்னிக் கிடா, இடது காது கிழிசல். இல்லன்னு சொல்லு."

கடையில் ஒருவரும் டீயைக் குடிக்கவில்லை. காசிம் தரகன் மட்டும், "உதுமான் காக்கா பாத்ததுன்னா பாத்ததுதான்" என்றான்.

பேச்சிமுத்து பட்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். "சபூராக்காட்ட சொல்லிருங்க, ஆடுகளுக்குத் தண்ணி காட்டியாச்சு" என்றான். சைக்கிளை உருட்டிக்கொண்டே போனான், ஏறவில்லை.

நான் கத்தவில்லை. என் குரல் அப்படி.

மே 11, திங்கள்

கஞ்சியில் உப்பு கூடுதல். சபூரா கிண்ணத்தை வைத்துவிட்டு நேரே பட்டிக்குப் போய்விட்டாள்.

மே 12, செவ்வாய்

சந்தை. சபூரா தனியாகத்தான் ஆடுகளை இறக்கினாள். இரண்டு கிடாக்கள் முட்டிக்கொண்டதில் விலக்கப் போய் முழங்கையில் காயம். மஞ்சள் வைத்துக்கொள் என்றேன். "பேச்சிண்ணன் இருந்தா விசில் அடிச்சாலே விலகிரும்" என்றாள். அவனுக்குப் பதில் வேறு ஆள் பார்க்கலாம் என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 14, வியாழன்

நாகூர்க்கனி பிளாஸ்கில் டீ கொண்டுவந்தான். மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போனைக் காட்டினான். சபூரா அதைக் கையில் வாங்கிப் பார்த்தவள், "காக்கா, இதுல நம்ம வெப்சைட்டத் திறந்திருக்கியளா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கும்மா திறக்கேன்? ஆட்டுச் சத்தத்துலதான விடியுது எனக்கு."

அவள் அதில் வெப்சைட்டைத் திறந்தாள். அப்புறம் என் போனை எடுத்து அதையும் திறந்தாள். இரண்டையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

என் போனில் நாலாம் முளையில் கிழிந்த காது. அவன் போனில் நாலாம் முளையில், இன்று காலையில் சபூரா கட்டிப் படம் எடுத்து ஏற்றிய வெள்ளைக் கிடா.

நான் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். நாகூர்க்கனி, "ஒரே முளையில ரெண்டு ஆடா?" என்றான்.

சபூரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் எழுதின சீட்டு வாப்பா இது. ஒரு வருசத்துக்கு எங்கிட்டக் கேக்காதன்னு எழுதினேன். உங்க போனு கேக்கல. முளைக்குப் புது ஆடு வந்தாலும் படத்துக்குப் பேரு 'நாலு'தான? 'நாலு' நம்மகிட்ட இருக்கேன்னு அது உள்ள இருக்கிற பழசையே எடுத்துக் காட்டுது. சண்டைக்கு வந்தவங்க போனும் இப்படித்தான். புதுசாப் பாக்கிறவங்களுக்கு மட்டும் புதுசு தெரியுது. பேச்சிண்ணன் அன்னன்னைக்கு ஏத்தித்தான் இருக்காரு."

"உனக்கு ஏன் இவ்வளவு நாளாத் தெரியல?"

"நான் எதுக்கு வெப்சைட்டப் பாக்கேன்? ஆடு என் கண்ணு முன்னாலதான நிக்கி. ஒவ்வொண்ணுக்கும் கீழ எடை, வயசு எல்லாம் எழுதியிருக்கு, அது மாறிக்கிட்டேதான் இருக்கு. படம் மட்டும்தான் மாறல."

எழுத்து மாறினால் எனக்கு எப்படித் தெரியும்? படம்தான் எனக்குத் தெரியும்.

"சரி, அந்தச் சீட்ட மாத்திரு" என்றேன்.

"இப்ப மாத்தி என்ன செய்ய? உங்க போனு வந்து கேட்டாத்தான புதுச் சீட்டு கெடைக்கும்? அது ஒரு வருசத்துக்கு வராது. படத்துக்குப் பேரத்தான் மாத்தணும். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பேரு. ஒரு தடவ வச்ச பேர மறுபடி வைக்கக் கூடாது."

"விக்கிற ஆட்டுக்கு நம்ம பேரு வைக்கிறதில்ல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாகூர்க்கனி பிளாஸ்கை வைத்துவிட்டு நழுவினான்.

"எழுதினது நான் வாப்பா. தப்பு என்னுது. ஆனா டீக்கடையில பேசின வார்த்த உங்களுது" என்றாள்.

ஒரு வருசம் போடச் சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

மே 15, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குள் எல்லாப் படத்துக்கும் பெயர் மாற்றிவிட்டாள். படம் எடுத்த தேதியும் நேரமும்தான் பெயர். அது பெயர் இல்லை, அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று நான் அனுமதி கொடுத்தேன். என் போனில் கிழிந்த காது போய்விட்டது. வெள்ளைக் கிடா வந்தது. சீட்டில் ஒரு வருசம் அப்படியேதான் இருக்கிறது. இனி அதனால் கெடுதல் இல்லையாம். புது ஆடு, புதுப் பெயர், போன் வந்து கேட்டே ஆக வேண்டும். வேகமும் குறையவில்லை.

சபூரா பேச்சிமுத்துவுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. வருவான். எங்கே போவான்?

மே 17, ஞாயிறு

நாகூர்க்கனி சொன்னது: பேச்சிமுத்து பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மூன்று பட்டியிலும் வேலை கேட்டிருக்கிறான். பெருநாள் நேரம், ஆள் கிடைக்காத நேரம். ஆனாலும் ஒருவரும் சேர்க்கவில்லை. "உதுமான் காக்கா கண்ணாலப் பாத்துச் சொன்னாருன்னா, யாரு சேத்துக்கிடுவா?" என்று கேட்கிறார்களாம். இப்போது செங்கல் சூளைக்குப் போகிறான். முதுகு வலிக்காரன்.

அவன் மகளைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள், பெருநாள் கழியட்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

சோறு இறங்கவில்லை. மருந்தின் சூடாக இருக்கும்.

மே 18, திங்கள்

ஆட்டோவில் அவன் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் போனேன். டாக்டரம்மா ஆட்டுத் தூசி ஆகாது என்றுதான் சொன்னார், தெருத் தூசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவன் மனைவி செண்பகம் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. "ஆள் வந்திருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். இத்தனை காலத்தில் அந்த வீட்டில் நான் 'ஆள்' ஆனது இன்றைக்குத்தான்.

பேச்சிமுத்து வந்தான். கையெல்லாம் செம்மண். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தண்ணீர் கொடுத்தான். நான் விவரத்தைச் சொன்னேன். சீட்டு, வருசம், பெயர், எல்லாம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

"அப்ப நீ சொன்னதுதான் சரி" என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் பாய்."

"நாளைக்குச் சந்தை. சபூரா தனியாக் கெடந்து முழிக்கா. வந்திரு."

அவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். "எங்கிட்ட சொன்னா ஆச்சா? நீங்க சொன்னது டீக்கடையில. அங்க இருந்து சந்தைக்குப் போயிட்டு, சந்தையில இருந்து எம் மவளப் பாக்க வாறவங்க வீட்டுக்குப் போயிட்டு. நீங்க இங்க வந்து சொல்லுதது இந்த வாசலத் தாண்டாது."

"என்ன செய்யச் சொல்லுத?"

"நான் என்ன சொல்ல? நீங்க பெரிய மனுசன்."

செண்பகம் உள்ளேயிருந்து சொன்னாள்: "அவுக கண்ணு தப்பாதுன்னு ஊருக்கே தெரியும். தப்பிட்டுன்னும் ஊருக்கே தெரியட்டும்."

அவன் அவளை அதட்டவில்லை. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் கேட்டது சின்ன விஷயம் இல்லை. கண் மங்கிய தரகனிடம் யார் வருவார்கள்? நான் சொல்கிற வயதும் எடையும் தராசில் போட்டால் சரியாக இருக்கும் என்பதுதான் இந்தச் சந்தையில் என் சொத்து.

மே 19, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். சபூரா தடுத்தாள், அப்புறம் தடுக்கவில்லை. ஈரத் துண்டால் மூக்கையும் கண்ணையும் சுற்றிக் கட்டிவிட்டாள்.

பேச்சிமுத்து வந்திருந்தான். வேப்பமரத்தடியில், எங்கள் ஆடுகளிலிருந்து தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சந்தை நல்ல சூட்டில் இருந்தது. ஓரமாக நின்ற குட்டியானை லோடு வண்டியில் ஏறி நின்றேன். ஏறுவதற்குக் காசிம்தான் கை கொடுத்தான், ஏதோ ஏலம் என்று நினைத்து. நான் தொண்டையைச் செருமினால் போதும், சந்தை திரும்பும். திரும்பியது.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாகூர்க்கனி கடையில வச்சுப் பேச்சிமுத்து ஆள ஏமாத்துதான்னு நான் சொன்னேன். தப்பு. நான் பாத்தது பழைய படம். அவன் ஏத்தினது புதுப் படம். பழசப் பாத்துட்டுப் புதுசுன்னு பேசிட்டேன். அவன் கையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் எம் பேச்சுல."

"காக்கா, டாக்டரு நல்ல கண்ணத் தோண்டிட்டாரோ?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு.

"கண்ணு நல்லாத்தாம்ல இருக்கு. நீ வச்சிருக்கது கிடா இல்ல, காயடிச்சது. இங்க இருந்தே தெரியுது. கண்ணு பாத்தத வாய் அவசரப்பட்டுச் சொல்லிட்டு. அதுக்குத்தான் வண்டியில ஏறி நிக்கேன்."

இன்னும் பெரிய சிரிப்பு, இப்போது அவனைப் பார்த்து. ஆனால் கடையத்து நைனார் சிரிக்கவில்லை. பெருநாள்தோறும் நான் பல்லைப் பார்த்து வயது சொன்ன பிறகுதான் ஆடு வாங்குவார். வண்டியிலிருந்து நான் இறங்கும்போது அவர் காசிமைத் தனியாகக் கூப்பிட்டு ஓர் ஆட்டின் வாயைக் காட்டிக்கொண்டிருந்தார். போகட்டும். காசிமுக்கு இரண்டு பல்லுக்கும் நாலு பல்லுக்கும் வித்தியாசம் தெரிய இன்னும் நாளாகும். அடுத்த வருசம் என்னிடம் வருவார்.

இறங்கித் திரும்பினால் வேப்பமரத்தடியில் ஆள் இல்லை. சபூராவின் கையிலிருந்த கயிறுகளை வாங்கி, பேச்சிமுத்து ஆடுகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. முட்டிக்கொண்டிருந்த இரண்டு கிடாக்கள் அவனுடைய ஒரே விசிலில் விலகி நின்றன.

மே 21, வியாழன்

கண் சிவந்துவிட்டது. டாக்டரம்மா திட்டினார். ஒரு சொட்டு மருந்து இப்போது இரண்டு சொட்டு மருந்தாகிவிட்டது. திட்டுவது அவர் தொழில்.

மே 22, வெள்ளி

சபூரா பட்டி வாசலில், காற்று மறைவில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறாள். உள்ளே வரக் கூடாது, அங்கிருந்தே அதிகாரம் பண்ணலாம் என்று ஒப்பந்தம்.

நல்ல வியாபாரம். பொட்டல்காட்டுக்காரர் தன் மச்சானை அனுப்பியிருந்தார். படத்தில் பார்த்த ஆடே முளையில் நின்றது. மச்சான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

பேச்சிமுத்து அன்றைக்குப் பிறகு என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசுகிறான். தீவனம் வந்துட்டு பாய், பதினொண்ணு போயிட்டு பாய், அவ்வளவுதான். நானும் அவ்வளவுதான்.

மத்தியானம் புது ஆடுகள் இறங்கின. ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒரு படம், வாயைப் பிளந்து பல் தெரிய ஒரு படம் எடுத்துக்கொண்டே வந்தான். கடைசி ஆட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தவன், வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். போனை என் பக்கம் திருப்பி ஒன்று எடுத்தான்.

"அக்கா, பாய் படத்தையும் ஏத்திருதேன். இதுக்குத் தேதியும் நேரமும் வேண்டாம். சும்மா 'பாய்'னு பேரு வச்சு ஒரு வருசம்னு எழுதிருங்க. எந்தப் போனு எப்பப் பாத்தாலும் இப்படியேதான் இருப்பாவ."

சபூரா கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. போனைப் பிடித்தபடி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"எடுக்கதுதான் எடுக்க, பல்லும் தெரிய எடுல" என்று வாயைத் திறந்து காட்டினேன்.